கலன் கட்டினால் போதாது, எரிய வேண்டும்: பால் கூட்டுறவு சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கங்களின் தலைவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், செயலாளர்களுக்கும் வணக்கமுங்க.

காலையிலும் சாயங்காலமும் சங்கத்தில் பால் ஊற்றுகிற உறுப்பினர்களில் நானும் ஒருத்தி. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாட்டுச் சாணியைக் கரைத்து ஊற்றி அடுப்புக்கு வாயு எடுக்கிற சாண எரிவாயுக் கலன்களைப் பராமரிக்கிற வேலையைச் சங்கம் கையில் எடுக்க வேண்டும். கட்டித் தரச் சொல்லவில்லை, அதற்கு மானியமும் துறைகளும் இருக்கின்றன. கட்டிய கலன் அணையாமல் எரியப் பார்த்துக்கொள்ளத்தான் இன்றைக்கு ஆளில்லை.

நம்ம தோட்டத்துச் சாளைகளில் கட்டுத்தரைக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்க. பழைய மாதிரிக் கலனில் வாயு சேர்கிற இரும்பு டிரம் துருவேறிக் கவிழ்ந்து கிடக்கும். சில இடத்தில் குழியை மூடி முருங்கை வைத்துவிட்டார்கள். 1981-82இல் தேசிய சாண எரிவாயுத் திட்டம் வந்தது. 1984இல் இரும்பே வேண்டாத, செங்கல்லில் கட்டுகிற தீனபந்து மாதிரி வந்தது. மானியமும் பெயர் மாறி மாறி இன்றுவரை வருகிறது. ஆனால் எத்தனை கட்டினோம் என்றுதான் எண்ணினார்களே தவிர, இரண்டு வருசம் கழித்து எத்தனை எரிகிறது என்று யாரும் வந்து கேட்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு யாரிடம் பேச்செடுத்தாலும் "கோபர் கேஸா, அதெல்லாம் நிலைக்காதுங்க" என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்தக் கலன்கள் நின்றுபோன காரணங்களைக் கேட்டால் வயிறு எரியும். வாயுவோடு வருகிற ஈரம் குழாயின் பள்ளத்தில் தண்ணீராகத் தேங்கி அடைத்துக்கொள்ளும். அங்கே ஒரு வடிகுழாய் வைத்துத் திறந்துவிட்டால் தீர்ந்தது. டிரம்முக்கு வருசம் ஒரு தடவை பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு தின்றுவிடும். கரைசலின் மேலே ஏடு கட்டினால் டிரம்மைச் சுற்றிவிட வேண்டும். தீனபந்துக் கலனில் கூரைப் பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும் வாயு முழுக்கப் போய்விடும். வீட்டில் இருக்கிற சிலிண்டர் அடுப்பையே மாட்டிப் பார்த்து, சரியாக எரியவில்லை என்று விட்டவர்களும் உண்டு. சாண வாயுவில் மீத்தேன் நூற்றுக்கு 55 முதல் 65 பங்குதான், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அழுத்தமும் குறைவு. அதற்குத் துளை பெரிதாக உள்ள தனி அடுப்பு வேண்டும். இவற்றில் எதுவுமே பெரிய செலவு இல்லை. தெரிந்த ஒரு ஆள் சைக்கிளில் வந்து அரை மணி நேரம் பார்த்தால் போதும். அந்த ஆள் இல்லாமல்தான் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டியது பாழாகிறது.

அளவு விசயத்திலும் நம்ம பக்கத்துக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. தலைக்குப் பத்து கிலோ சாணி, ஐந்து மாடு, ஆகவே தினம் 2 கன மீட்டர் வாயு தருகிற கலன் என்று படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். காங்கயம் மாடு பகலெல்லாம் வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்கிறது. பகல் சாணி அங்கேயே விழுகிறது, விழத்தான் வேண்டும், அந்தக் காட்டுக்கு அதுதான் உரம். கட்டுத்தரையில் அள்ளக் கிடைப்பது இராச் சாணி மட்டுமே. கட்டிப்போட்டுச் சோளத்தட்டும் தீவனமும் போட்டு வளர்க்கிற சிந்து மாடு இரண்டும் ஒரு கிடாரியும் இருந்தால் தினம் 25 கிலோ தாராளமாகத் தேறும். அது 1 கன மீட்டர் கலனுக்குச் சரி. பெரிய கலனைக் கட்டிவிட்டுச் சாணி போதாமல் பாதிச் சமையலில் அடுப்பு அணைந்தால், அடுத்த வாரமே அந்த வீட்டுப் பொம்பளை அதைக் கைவிட்டுவிடுவாள். அவள் மேல் தப்பில்லை.

25 கிலோ சாணிக்கு அதே அளவு தண்ணீர் கலந்து ஊற்றினால் ஏறக்குறைய 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ முப்பத்து மூன்று நாளுக்கு. மாசம் ஒரு சிலிண்டர் என்று வைத்துக்கொள்ளலாம், நாலு பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு அது போதும். சிலிண்டர் வந்த பிறகும் குளிக்கத் தண்ணி காயவைக்க மட்டையும் விறகும் எரிக்கிற வீடுகள்தான் நம்மிடம் அதிகம். சாண வாயு இருந்தால் அந்தப் புகையும் குறையும்.

தண்ணிப் பஞ்சம் உள்ள சீமையில் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பீர்கள். கட்டுத்தரை கழுவுகிற தண்ணியும் கோமியமும் சேர்த்தே கரைக்கலாம், பினாயிலும் சோப்பும் மட்டும் அதில் கலக்கக் கூடாது. அவை உள்ளே வாயு உண்டாக்குகிற நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். போன தண்ணி முழுக்க, வாயு போக மிஞ்சுகிற சாணக் கரைசலான ஸ்லரியாக வெளியே வருகிறது, தென்னைக்கோ கோ-4 புல்லுக்கோ பாய்ச்சிவிடலாம். இந்த ஸ்லரியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வாயு எடுத்த பிறகு சாணியில் சத்து இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். கலனுக்குள் போகிற தழைச்சத்து (நைட்ரஜன்) அநேகமாகக் குறைவதே இல்லை. வாயுவாக வெளியே போவது பெரும்பாலும் கரிச்சத்துதான். திறந்த குப்பைக்குழியில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற எருவில்தான் தழைச்சத்து ஆவியாகவும் கரைந்தும் போகிறது. ஸ்லரியையும் வெயிலில் காயப்போட்டால் அதே கதிதான், ஈரமாகவே நிலத்துக்குக் கொடுக்க வேண்டும். களை விதைகளும் பெருமளவு செத்துவிடுவதால் களை வெட்டுக் கூலியிலும் மிச்சம்.

பால் சங்கத்துக்கும் சாணிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் ஜக்கரியாபுரா என்றொரு ஊர். தேசிய பால்வள வாரியத்தின் முயற்சியில் அங்கே மாடு வைத்திருக்கிற பெண்களின் வீட்டில் சிறு கலன்கள் வைத்தார்கள். அந்தப் பெண்களே தனிக் கூட்டுறவு அமைத்து, தங்களுக்குப் போக மீதியுள்ள ஸ்லரியை விற்கிறார்கள். பாலுக்கு வழிகாட்டிய ஊர்க்காரர்கள் சாணத்துக்கும் கூட்டுறவு நடத்துகிறார்கள். நம்மால் ஏன் முடியாது?

சங்கத்திடம் இருக்கிற வசதி வேறு யாரிடமும் இல்லை. மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் தினம் இரண்டு தரம் உங்கள் வாசலுக்கு வருகிறார். தீவனத்துக்குப் பால் பணத்தில் பிடித்தம் செய்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதே போலப் பட்டுவாடாவில் உறுப்பினர் சம்மதத்தோடு ஒரு சிறு தொகை பிடித்து, நாலைந்து சங்கம் சேர்ந்து ஒரு ஃபிட்டரை வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பையன்களில் குழாய் வேலை தெரிந்த ஒருவனுக்கும், கொத்து வேலை தெரிந்த ஒருவருக்கும் பயிற்சி கொடுத்தால் போதும். குழாய், வால்வு, அடுப்பு பர்னர் ஆகியவற்றைத் தீவன மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு அலமாரியில் வையுங்கள். புதிதாகக் கட்டுகிறவருக்கு முதல் நிரப்புக்கே ஒரு டன் அளவுக்குச் சாணி வேண்டியிருக்கும், ஒரு வீட்டில் அது சேராது. அக்கம்பக்கத்து உறுப்பினர்கள் கொடுக்க ஏற்பாடு செய்வதும், ஓடுகிற கலனிலிருந்து நாலு குடம் ஸ்லரி எடுத்து ஊற்றி விரைவில் வாயு வரச் செய்வதும் சங்கம் நினைத்தால் ஒரே நாள் வேலை.

பாதுகாப்பு பற்றிச் சொல்லிக்கொடுப்பதையும் அந்த ஃபிட்டரின் வேலையில் எழுதிவிடுங்கள். முதலில் வருகிற வாயுவில் காற்று கலந்திருக்கும். அதைப் பற்றவைக்காமல் வெளியே விட்டுவிட வேண்டும். காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் வெடிக்கும். காலியாகக் கிடக்கிற கலனுக்குள் சுத்தம் செய்ய எந்தக் காரணத்துக்காகவும் தனியாள் இறங்கவே கூடாது. உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது, நச்சு வாயுவும் தங்கியிருக்கும். இறங்கினவரைத் தூக்கப் போனவரும் செத்துப்போகிற செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

இதை சிலிண்டரில் அடைத்து விற்கலாம், வண்டி ஓட்டலாம் என்று ஆசை காட்டுகிறவர்களும் வருவார்கள். மீத்தேன் சாதாரண வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. சுத்திகரித்து, பெரும் அழுத்தத்தில் அடைப்பது ஆலை செய்கிற வேலை. நாலு மாட்டு வீட்டுக்கு அடுப்பும் தோட்டமும் போதும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால், பால் அளக்கிற இடத்திலேயே ஒவ்வொரு உறுப்பினரிடமும் மூன்று கேள்வி கேட்டு நோட்டில் எழுதுங்கள். கலன் இருக்கிறதா, எரிகிறதா, எரியாவிட்டால் எதனால் நின்றது? அந்த நோட்டைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசியுங்கள். எங்கள் தெருவில் நின்றுபோன கலன்களின் விவரத்தை நானே வீடு வீடாகப் போய் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
மூலனூர் பக்கத்துப் பால் சங்க உறுப்பினர் ஒருத்தி