ஸ்டியரிங்கா, சீட்டா

குன்னூர்
ஞாயிறு காலை

கண்ணு,

கிளம்புகிற நேரத்தில், கார் கதவைச் சாத்திக்கொண்டே, "பிரேக் போட்டா வண்டி உதறுதுப்பா" என்றாய். இரண்டு நாள் இங்கே இருந்து நீ சொன்ன ஒரே குறை அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. 19 நாள் ஆகிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை, எடுத்தாலும் "சரிப்பா, சரிப்பா". அதனால்தான் எழுதுகிறேன். வண்டி விஷயம்தான், வேறொன்றுமில்லை.

முதலில் இதைச் சொல். உதறுவது ஸ்டியரிங்கா, சீட்டா? கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், இடுப்பில் தெரிந்தால் பின்சக்கரம். சந்தேகமாக இருந்தால், ஆளில்லாத சமதள ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கியபடியே மெல்ல மெல்லத் தூக்கிப் பார். அப்போதும் உதறினால் பின்சக்கரத்து டிரம் பிரேக். பிரேக்கைத் தொடாமலே 80, 90-இல் ஆடினால் அது வீல் பேலன்ஸ், வேறு கதை.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்த உடனே "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு, பிரேக் போட்டால் அதைக் கவ்விப் பிடிப்பது பேடு. அது அவ்வளவு லேசில் வளையாது, அந்தத் தட்டு. இங்கேயிருந்து பர்லியாறு வரைக்கும் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் டிஸ்க்கும் பேடும் தீயாய்ச் சுடும். அந்தச் சூட்டோடு செக்போஸ்ட்டில் நிறுத்தி, பெடலை அமுக்கிக்கொண்டே நின்றால், பேடு அந்த ஒரே இடத்தில் அச்சுக் குத்தியதுபோல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மேட்டில் ஏறி இறங்கும். மேடு என்றால் கண்ணுக்குத் தெரிகிற மேடு இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு போதும், கை உதறும்.

இரண்டாவது கியரில் இறங்கு. போர்டு வைத்திருப்பது டூரிஸ்ட்டுக்கு மட்டும் இல்லை.

பின்சீட்டில் நீலப் பெட்டி இருந்தது. அதன்மேல் உன் சர்டிஃபிகேட் ஃபைல், சின்னவனின் ஸ்வெட்டர்கள். நீ எதையும் இறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எடை கூடினால் பிரேக்குக்குச் சூடும் கூடும், அதற்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை ஆடிக்கும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. வேலை இருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுப் போகாதே, பக்கத்திலேயே நில். இதற்கு மேல் தேயக்கூடாது என்ற அளவை டிஸ்க்கிலேயே அடித்திருப்பார்கள். கனம் மிச்சமிருந்தால் லேத்தில் கடையலாம், இல்லையென்றால் புதுசு. எதுவானாலும் இடது, வலது ஜோடியாக, பேடும் சேர்த்து. மாட்டுவதற்கு முன் டிஸ்க் உட்காருகிற ஹப்பில் இருக்கிற துருவைச் சுத்தமாகத் தேய்க்கச் சொல். பேடை அமுக்குகிற கேலிப்பர் நகர்கிற ஊசி (பின்) இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஏர் கன்னால் சக்கர நட்டை முரட்டுத்தனமாக முடுக்கினாலும் டிஸ்க் கோணும், அளவு பார்த்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் வைத்து எதிரெதிராக முடுக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கட்டும். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம்? இரண்டு வருஷத்துக்கு மேல் என்றால் மாற்று. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிதில் 200 டிகிரி தாண்டிக் கொதிக்கிற ஆயில், ஈரம் சேர்ந்தால் 140, 150-க்கே கொதித்துவிடும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். உதறுவதைவிட எனக்கு அதுதான் பயம்.

மூடுபனியில் 14 கொண்டை ஊசியும் தனியாகவே ஏறி வந்தாய். பால்காரரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்றாவது தடவையும் சொல்லியிருப்பேன்.

31 வருஷம் பச்சைத் தேயிலை லாரி ஓட்டினேன். உன் அண்ணனுக்கு எஸ்டேட் ரோட்டில் கற்றுக்கொடுத்தேன். நீயும் கேட்டாய். பன்னிரண்டாவது லீவில் மூன்று நாள் லாரிப் படியில் உட்கார்ந்து கேட்டாய். "உனக்கெதுக்கு, கட்டிக்கிறவன் ஓட்டுவான்" என்றேன். அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. உனக்கு அடிபட்டுவிடும் என்று பயந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டேன். பயமெல்லாம் இல்லை. ஸ்டாண்டில் இருப்பவர்கள் சிரிப்பார்களே என்ற வெட்கம்தான். நீ கோயம்புத்தூரில், மேடு பள்ளம் இல்லாத ரோட்டில், காசு கட்டிக் கற்றுக்கொண்டாய். ஏறின கியரிலேயே இறங்கு, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், பிரேக்கை விட்டு விட்டுத் தொடு என்று அங்கே யார் சொல்லியிருப்பார்கள்? கிளீனர் பையன்களுக்கெல்லாம் சொன்னேன், உனக்குச் சொல்லவில்லை. அந்த டிஸ்க்கைக் கெடுத்தது நீ இல்லை கண்ணு.

முழங்கால் பரவாயில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர முழங்கால் வேண்டியதில்லை. சீசனுக்கு முன்னாலேயே வா, அப்புறம் கோத்தகிரி சுற்றித்தான் இறங்க விடுவார்கள். வண்டியைப் பார்க்காமல் அதில் வராதே, பஸ்ஸில் வா. மேட்டுப்பாளையத்துக்கு நானே வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன். நடு அறையில் ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. கட்டில் இரண்டு போட்டிருக்கிறேன்.

ஸ்டியரிங்கா, சீட்டா? அதை மட்டுமாவது எழுது.

அப்பா