மர வீடும் நம் வீடுகளும்

ஆசிரியருக்கு,

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய பழைய மர வீட்டைப் பார்த்தேன். சுவரே பலகைதான். உத்திரமும் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்பதால்தான் பிரிக்கவும் கோக்கவும் முடிந்திருக்கிறது. கூட வந்த தச்சர் பொருத்துவாயில் நகத்தை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை.

சரி, நம் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகள்? மர உத்திரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையோடு ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. தூணும் கதவும் பழைய மரக்கடைக்குப் போகின்றன, அதுவும் விலை படிந்தால். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதுதான். இடிக்க அனுமதி தரும் முன் அளவெடுத்து வரைபடமும் புகைப்படமும் பதிந்து வைக்கவாவது மாநகராட்சி ஏற்பாடு செய்யலாமே.

ஒரு வாசகர்,
மந்தைவெளி, சென்னை