யார் நட்ட கல்

அன்புள்ள பாப்பா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, உன் அலுவலகத்தில் எல்லோரும் பேய் நடைக்கு (இருட்டில் பேய்க் கதை சொல்லித் தெருத்தெருவாகக் கூட்டிப்போவார்களே, அதற்கு) டிக்கெட் எடுத்திருக்கிறார்கள், நீ மட்டும் தலைவலி என்று சொல்லித் தப்பித்துவிட்டாய் என்றாய். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. நான்கு வருடமாக எடின்பரோவில் இருக்கிறாய். இருட்டிய பிறகு பழைய நகரத்துப் பக்கம் நீ போவதே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது என் தப்பு என்பதால் கடைசியில் சொல்கிறேன்.

போன அக்டோபரில் உன்னோடு ஆறு வாரம் இருந்தேனே, நீ வேலைக்குப் போன பிறகு நான் நூலகத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்ததாகத்தான் நினைத்திருப்பாய். பாதி நாள் அப்படித்தான். மீதி நாள் கோட்டையிலிருந்து அரண்மனை வரை, பேய்க் கதை சொல்லப்படும் இடங்களைத் தேடித் தனியாக நடந்தேன். மூன்று முறை. முழங்கால் வீங்கியபோது மூட்டுவலி என்று சொன்னது பொய். கேண்டில்மேக்கர் ரோ ஏற்றத்தில் ஈரக் கல்லில் வழுக்கி விழுந்தேன். நீயும் நல்ல அடிப்பாகம் உள்ள செருப்பாகப் போட்டுக்கொண்டு போ.

முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்தவன் நான். ஓர் எல்லைக் கல்லைப் பார்த்தால் இதை யார் நட்டார்கள், எப்போது நட்டார்கள், நட்டதால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமல் என்னால் நகர முடியாது. அந்த ஊர்ப் பேய்களையும் அப்படித்தான் விசாரித்தேன். குறிப்பேட்டில் எழுதியதை உனக்காகப் பிரதி எடுக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் புறப்படு. கூட்டத்தோடு போகாதே. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கூட்டிப்போகிறவர்கள், நீ அலறும்வரைதான் ஓர் இடத்தில் நிறுத்துகிறார்கள். அலறியதும் அடுத்த இடம். தனியாகப் போனால் பிடித்த இடத்தில் அரை மணி நேரம் நிற்கலாம், பிடிக்காத இடத்தைத் தாண்டிவிடலாம்.

போன் வரைபடத்தை மட்டும் நம்பாதே. இரண்டு தெருக்கள் வெட்டிக்கொள்வதாக அது காட்டும். போய் நின்றால் ஒரு தெரு உன் காலடியில் மூன்று மாடி ஆழத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மேட்டின் மேல் ஊர், ஊரின் மேல் ஊர். என் வேலைக் காலத்தில் இப்படி ஒரு கிராமம் வந்திருந்தால் ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பேன்.

கோட்டை வாசல் மைதானத்தில் தொடங்கு. அதன் கீழ்க்கோடியில், சுவரோடு ஒட்டி ஒரு சின்ன நீரூற்றுத் தொட்டி இருக்கிறது. 1894-இல் வைத்தது. சூனியக்காரிகள் என்று சொல்லி அந்தக் குன்றில் எரிக்கப்பட்டவர்களின் நினைவாக. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1563 முதல் 1736 வரை சூனியம் அங்கே மரண தண்டனைக் குற்றம். ஸ்காட்லாந்து முழுவதும் ஏறத்தாழ 3,800 பேர் மீது குற்றம் சாட்டினார்கள், பெரும்பாலோர் பெண்கள். ஆக்னஸ் சாம்ப்சன் என்பவள் வைத்தியமும் பிரசவமும் பார்த்தவள். அரசரின் கப்பலைக் கவிழ்க்கப் புயலை ஏவினாள் என்று சொல்லி 1591-இல் இங்கே கொன்றார்கள். இதற்காக ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டது 2022 மார்ச்சில்தான்.

அங்கிருந்து இறங்கும் நேர்த்தெருதான் ராயல் மைல். அதைக் காலால் அளந்து பார்த்து, நம் மைலைவிட நீளமாக வருகிறதே என்று குழம்பினேன். பழைய ஸ்காட்லாந்து மைல் வேறாம், ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். இந்தத் தெருவுக்கு அடியில் கோட்டையிலிருந்து ஒரு சுரங்கம் ஓடுவதாக ஒரு கதை. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, குழாய் வாத்தியம் வாசிக்கும் ஒரு சிறுவனை உள்ளே அனுப்பினார்கள். மேலே தெருவில் ஆட்கள் அந்த இசையைக் காதால் பின்தொடர்ந்து நடந்தார்கள். ட்ரான் கர்க் என்ற தேவாலயத்தின் பக்கம் வந்தபோது இசை நின்றுவிட்டது. தேடிப் போனவர்களுக்குச் சிறுவன் கிடைக்கவில்லை. இப்போதும் தரைக்கு அடியில் வாசிப்பு கேட்கிறதாம். கோட்டை நிற்பது எரிமலைப் பாறை. அதைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அளவை முறை சரிதான் பாப்பா. தரைக்கடியில் போகிற ஒன்றை மேலிருந்து பின்தொடர, அந்தக் காலத்தில் சத்தத்தைவிட நல்ல கருவி கிடையாது. பிள்ளையை அனுப்பியதுதான் தவறு.

ராயல் மைலின் மேல்பகுதியான லான்மார்க்கெட்டிலிருந்து வலது பக்கம் இறங்கி, வளைந்த விக்டோரியா தெரு வழியாக வெஸ்ட் போவுக்குப் போ. மேஜர் வியர் என்ற கிழவர் அங்கே வசித்தார். ஜெபத்தில் ஊருக்கே தலைவர். 1670-இல் தானாகவே எழுந்து தன் பாவங்களை ஒப்புக்கொள்ள, கொன்று எரித்தார்கள். அதன் பிறகு அவருடைய கைத்தடி மட்டும் தனியாகத் தெருவில் நடந்ததாம். இதில் எனக்குச் சுவாரசியம் இல்லை, நீ கடைகளைப் பார்த்துக்கொண்டே நட.

கிராஸ்மார்க்கெட் என்ற பழைய சந்தைத் திடலுக்கு மட்டும் நேரம் கொடு. தூக்குமரம் இருந்த இடத்தில் வட்டமாகக் கல் பதித்திருக்கிறார்கள். 1724-இல் மேகி டிக்சன் என்ற பெண்ணை இங்கே தூக்கிலிட்டார்கள். கர்ப்பத்தை மறைத்தாள், குழந்தை இறந்து கிடந்தது. 1690-இல் வந்த சட்டப்படி மறைத்ததே கொலைக்குச் சாட்சி. உடலைப் பெட்டியில் வைத்து, அவள் ஊரான மஸல்பரோவுக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். வழியில் பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம்! ஆள் உயிரோடு இருக்கிறாள். தண்டனை நிறைவேறிவிட்டது, மறுபடி தூக்கிலிட முடியாது என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு பல வருடம் வாழ்ந்தாள். பாதித் தூக்கு மேகி என்பது பெயராகிவிட்டது. அந்த ஊரில் நான் கேட்ட கதைகளிலேயே இது ஒன்றுதான் செத்தவள் திரும்பி வந்ததற்கு ஊர் சந்தோஷப்பட்ட கதை. அவள் பெயரில் ஒரு மதுக்கடை இருக்கிறது. உள்ளே போகவில்லை என்று அம்மாவிடம் சொல்.

மேற்குப் பக்கத்தில் தெரியும் தெரு வெஸ்ட் போர்ட். 1828-இல் பர்க், ஹேர் என்ற இருவர் அங்கே பதினாறு பேரைக் கொன்று, மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்க உடல்களை விற்றார்கள். வாங்கிய டாக்டர் நாக்ஸ் மேல் வழக்கே இல்லை. ஹேர் சாட்சியாக மாறித் தப்பினான். பர்க்கை மறு வருடம் தூக்கிலிட்டு, அவன் உடலையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்னும் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேண்டில்மேக்கர் ரோ ஏறி (மெதுவாக!) கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குள் போ. சில கல்லறைகளைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கும். செத்தவர் எழுந்து வராமலிருக்க என்று ஒரு தகப்பன் தன் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பையன் முகம் வெளுத்துப்போயிருந்தது. உண்மையில் அந்தக் கூண்டு உடல் திருடர்களுக்காக. உள்ளே இருப்பவர் வெளியே வருவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, வெளியே இருப்பவன் உள்ளே வரக் கூடாது.

தோட்டத்தின் தெற்கு மூலையில் பூட்டிய வாசல் ஒன்று. கம்பி வழியாகப் பார்க்கலாம். 1679-இல் பாத்வெல் பாலத்துச் சண்டையில் தோற்ற 1,200 பேர் அளவில் பிடித்து வந்து, தோட்டத்தை ஒட்டிய திறந்தவெளியில் மாதக்கணக்கில் அடைத்தார்கள். மதத்தில் அரசர் தலையிடுவதை ஏற்காதவர்கள். கடைசியில் எஞ்சியிருந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோரை அடிமை வேலைக்குக் கப்பலேற்ற, அது ஆர்க்னி தீவுகளின் கரையில் உடைந்து பெரும்பாலோர் மூழ்கினார்கள். இவர்களை வேட்டையாடிய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கன்சி 1691-இல் இறந்து, அதே தோட்டத்தில் அழகான மாடத்தில் படுத்திருக்கிறார். 1998-இல் ஒதுங்க இடம் தேடி ஒருவர் மாடத்துக்குள் நுழைந்து, தளம் உடைந்து உள்ளே விழுந்தார். அதிலிருந்து மெக்கன்சியின் ஆவி கீறுகிறது, தள்ளுகிறது, பார்க்க வந்தவர்களை மயங்கி விழவைக்கிறது என்கிறார்கள். கவனி. பசியிலும் குளிரிலும் செத்தவர்கள் யாரும் பேயாகவில்லை. அடைத்தவர்தான் பேயாகியிருக்கிறார்! மூன்று முறையும் அந்த வாசலில் நின்று இதையே யோசித்தேன். மாடத்தில் படுத்தவருக்கு ஊர் நட்ட கல் இது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

அடுத்து கௌகேட் தெருவில் இறங்கி நிமிர்ந்து பார். தலைக்கு மேலே ஒரு வளைவு தெரியும். 1788-இல் கட்டி முடித்த சவுத் பிரிட்ஜ் என்ற பாலம். மொத்தம் பத்தொன்பது வளைவுகள். வெளியே தெரிவது இது ஒன்றுதான், மற்றவற்றை இரண்டு பக்கமும் கட்டடங்கள் மூடிவிட்டன. அந்த வளைவுகளுக்குள் அறைகள் எடுத்துக் கடைகள் வைத்தார்கள். மேல்தளத்தில் நீர் இறங்காமல் பூச மறந்துவிட்டார்கள் பாப்பா! மழை ஒழுகிக் கடைக்காரர்கள் போய்விட, வேறு போக்கில்லாத ஏழைகள் வெளிச்சமே இல்லாத அந்த அறைகளில் குடியேறினார்கள். இன்றைக்கு அங்கே கூட்டம் கூட்டமாகப் பேய்களாம். ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியல் பேராசிரியர் ஆட்களை ஒவ்வோர் அறையாக உட்காரவைத்துச் சோதித்து 2003-இல் எழுதினார். கதை எதுவும் தெரியாதவர்களுக்கும், பேய் இருப்பதாகப் பெயர் வாங்கிய அறைகளிலேயே அதிகம் ஏதோ தோன்றியது. அறையின் உயரம், வெளியே உள்ள வெளிச்சம் இவற்றோடு அது பொருந்தியது. அதாவது, உடம்பு இடத்தை அளக்கிறது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்க மாட்டேன். அதற்குப் பெயர் கோழைத்தனம் இல்லை.

ஹை ஸ்ட்ரீட்டுக்கு ஏறினால் மேரி கிங்ஸ் க்ளோஸ் என்ற புதைந்த சந்து. இதற்கு மட்டும் டிக்கெட் வேண்டும், தனியாக விடமாட்டார்கள். 1645-இல் கொள்ளைநோய் வந்தபோது சந்தின் இரண்டு வாயையும் அடைத்து உள்ளே இருந்தவர்களைச் சாகவிட்டார்கள் என்பது கதை. அது பொய்க் கல். நோய்க்குப் பிறகும் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். 1753-இல் மேல்மாடிகளை இடித்து, கீழ்ப்பகுதியையே அடித்தளமாக்கி மேலே பெரிய மாளிகை கட்டினார்கள். வீடு புதைந்தது கட்டட ஒப்பந்தத்தால். உள்ளே ஓர் அறையில் ஆனி என்ற சிறுமியின் ஆவி பொம்மைக்கு அழுகிறது என்று, வருகிறவர்கள் பொம்மைகளைக் குவித்திருக்கிறார்கள். பொய்யோ மெய்யோ, அந்தக் குவியலைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. மீதி ஹோலிரூட் அரண்மனை வரை இறக்கம்தான். கால் வலித்தால் பஸ் பிடித்துவிடு.

இப்போது என் கல்.

உனக்கு ஐந்து வயது இருக்கும். அத்தை வீட்டுக் கொல்லையில் புளியமரத்துக்குப் பக்கத்தில் பாழுங்கிணறு ஒன்று இருந்தது. கைப்பிடிச் சுவர் சரிந்து, தரையும் கிணறும் ஒரே மட்டம். நீ ஓடி ஓடி அங்கேயே போவாய். அடித்தும் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத் தலையோடு ஒரு கல்யாணப் பெண் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், இருட்டில் தனியாக வரும் பிள்ளைகளின் பெயரைக் கேட்பாள், சொன்னால் கூட்டிப்போய்விடுவாள் என்றேன். அப்படி யாரும் அந்தக் கிணற்றில் விழவில்லை. நான்தான் அவளை நட்டேன். நீ அதன் பிறகு கொல்லைப் பக்கமே போகவில்லை. மறு வருடம் கிணற்றை மண் போட்டு மூடினோம். அவளைப் பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் கட்டடத்தில் பொதுப் படிக்கட்டு இருட்டாக இருப்பதும், வெளிக்கதவைத் திறந்ததும் நீ என்னைப் போனில் கூப்பிட்டு ஒன்றுமில்லாததைப் பேசுவதும், மூன்றாவது மாடிக்கு வந்ததும் "சரிப்பா, வைக்கிறேன்" என்பதும் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? இரண்டாவது மாடியில் மூச்சு வாங்குகிறாய். உடற்பயிற்சி போதவில்லை.

அந்த நடையை நீ போய் வா. கிணற்றுக்காரியும் இல்லை என்று இப்போது தெரிந்துகொண்டாய். ஆனால் படியேறும்போது கூப்பிடுவதை நிறுத்திவிடாதே. குளிர்காலத்தில் உனக்கு இரவு ஏழு என்றால் இங்கே பன்னிரண்டரை. நான் விழித்துத்தான் இருப்பேன், சாவி திரும்பும் சத்தம் கேட்கிற வரைக்கும்.

அப்பா