240 மூட்டை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நீ ராத்திரி அனுப்பிய செய்தியைக் காலையில்தான் பார்த்தேன். "இந்த வேலையும் கிடைக்கலப்பா. ஊருக்கே வந்துடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். போனில் நாலு எழுத்து தட்டிப் பதில் போட மனசு வரவில்லை. அம்மா படித்த உடனே, "வரச் சொல்லுங்க, அவ ரூம் அப்படியேதான் இருக்கு" என்றாள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

நீ என்.யூ.எஸ்ஸில், அதான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், தத்துவம் படிக்கச் சேர்ந்த முதல் வருஷம், ஒருநாள் சாப்பிடும்போது, "நாம இப்ப கனவு காணலைன்னு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. துறைமுகத்தில் தலைக்கு மேலே ஸ்லிங், அதாவது மூட்டைகளைக் கட்டித் தூக்கும் கயிற்றுக் கட்டு, தொங்கும்போது அது நிஜமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறவன் வீடு திரும்ப மாட்டான் என்று கத்தினேன். நீ தட்டோடு எழுந்து போய்விட்டாய். பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் 1641இல் கேட்ட கேள்வி அது. எதையும் நம்பாதே என்று சொல்ல அவர் அப்படிக் கேட்கவில்லை, எவ்வளவு சந்தேகப்பட்டாலும் அசையாமல் நிற்பது எது என்று தேடத்தான் கேட்டார். இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. அன்றைக்குக் கத்தியதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன், பாப்பா.

எப்படிப் புரிந்தது என்று உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. 1983இல் நான் துறைமுகத்தில் டேலி கிளார்க், சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுகிறவன். கப்பலிலிருந்து அரிசி மூட்டை இறங்கும். ஒரு ஸ்லிங்குக்கு இருபது மூட்டை. ஒவ்வொரு ஸ்லிங்குக்கும் அட்டையில் ஒரு கோடு, நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். அன்றைக்கு மழை, தார்ப்பாயை இழுத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. முடிவில் பன்னிரண்டு கோடு, 240 மூட்டை. கப்பல் பக்கத்து கிளார்க்கின் கணக்கும் 240. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது கூட வேலை பார்த்தவர் பேச்சுவாக்கில், "நீ தார்ப்பாய் கட்டப் போனப்ப ஒரு ஸ்லிங் இறங்கிச்சே, எழுதினியா?" என்றார். எழுதவில்லை. யோசித்துப் பார்த்தால், அதற்கு முன்னாலேயே அட்டை நனைந்து கோடு மங்கியதால் ஒரே ஸ்லிங்குக்கு இரண்டு முறை கோடு போட்டிருக்கிறேன். ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது. கணக்கு சரியாகிவிட்டது.

மேலாளரிடம் சொன்னேன். "சரியாத்தானே இருக்கு, விடு" என்றார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. எண்ணிக்கை சரிதான். ஆனால் 240 என்று எனக்குத் தெரியும் என்று நான் சொல்லலாமா? அந்த உறுத்தலுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நீ ஆராய்ச்சிக்குப் போன பிறகு, ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது, கெட்டியர் என்ற தத்துவவாதியைப் பற்றிச் சொன்னாய். ஒருவர் நம்புவது உண்மையாகவும் இருந்து, அதை நம்பத் தக்க காரணமும் அவரிடம் இருந்தால் அதுதான் அறிவு என்று எல்லாரும் வைத்திருந்தார்கள். இரண்டும் இருந்தும் அது அறிவாகாமல் போகலாம் என்று அவர் 1963இல் மூன்றே பக்கத்தில் காட்டிவிட்டார் என்றாய். நான் முறுக்கை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றேன். என் நனைந்த அட்டை கண்முன்னால் வந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக நெஞ்சில் கிடந்ததை என் மகள் எடுத்துக் காட்டுகிறாள் என்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? சொல்லத் தெரியாமல், "தேத்தண்ணி போடவா?" என்று கேட்டேன்.

அதற்கப்புறம் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கு அடிக்கடி போனேன். அங்கே படித்த மணிமேகலைக் காப்பியத்தில், மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் கேள்வி கேட்கப் போகிறாள் அல்லவா, அவள் முதலில் சந்திப்பவன் அளவைவாதி. எதை வைத்து ஒன்றைத் தெரிந்துகொள்கிறோம் என்பதைத்தான் அவன் முதலில் விளக்குகிறான். தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறினால் ஐயம், ஆராயாமல் கட்டையை ஆள் என்று முடிவு கட்டினால் தேராது தெளிதல். இரண்டையும் அவன் குறைபட்ட அறிவு என்றே எண்ணுகிறான். அளவை! நான் காலமெல்லாம் செய்ததும் அளப்பதுதான். உன் படிப்பு வெள்ளைக்காரர் ஊர் படிப்பு, நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அது தப்பு.

இனி பல்கலைக்கழக வேலை விஷயம். இரண்டு வருஷ ஒப்பந்தம், அப்புறம் இன்னொன்று, அதற்குள் கட்டுரை, பெயரை மறைத்துப் படிக்கும் மதிப்பீட்டாளர்கள், மாதக்கணக்கில் காத்திருந்து வரும் "இல்லை" என்ற ஒரு வரி. இதெல்லாம் எனக்கு இப்போது ஓரளவு தெரியும். எடின்பரோவில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் சிலையின் கால் பெருவிரலைத் தொட்டபடி நீ எடுத்து அனுப்பிய படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். மாணவர்கள் தொட்டுத் தொட்டு அந்த விரல் மட்டும் மின்னுகிறது. அதே ஊரில் 1745இல் அவருக்குப் பேராசிரியர் பதவி தர மறுத்துவிட்டார்கள். பிறகு கிளாஸ்கோவிலும் கிடைக்கவில்லை. 1752இல் வழக்கறிஞர்களின் நூலகத்தில் நூலகராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கடைசிவரை ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. ஹியூமுக்கே கிடைக்கவில்லை என்று உன்னை ஆறுதல்படுத்த வரவில்லை. உனக்கு வாடகை கட்ட வேண்டும், அது எனக்குத் தெரியும். அந்தக் குழு சொன்ன "இல்லை" அந்த ஓர் இடத்துக்கு மட்டும் சொன்ன பதில். உன் மூளைக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து தெளிந்தபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்கிறது குறள். அதில் இரண்டாவதை உனக்காகத்தான் எழுதுகிறேன். இந்த வழிதான் என்று பத்து வருஷம் ஆராய்ந்து தெளிந்தவள் நீ. "இல்லை" என்று வந்த மூன்று கடிதத்தைப் பார்த்து உன்மேலேயே ஐயப்படாதே.

ஆனால் கணக்கில்லாமல் காத்திருக்கவும் சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு வருஷம் விண்ணப்பித்துப் பார். அதற்குள் ஒன்றும் அமையவில்லை என்றால் வா. நீ ஜேசியில், அதான் ஜூனியர் காலேஜில், எடுத்த நாலெட்ஜ் அண்ட் என்கொயரி பாடம் ஞாபகம் இருக்கிறதா? அதை நடத்த உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? பதினேழு வயசுப் பிள்ளைகள் "எப்படித் தெரியும்?" என்று கேட்கும்போது கத்தாமல் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். எங்களுக்காக மட்டும் வராதே. என் சி.பி.எஃப். ஓய்வுக்காலச் சேமிப்பு போதும், வீட்டுக் கடனும் முடிந்தது. அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை.

கடைசியாக அனுப்பிய கட்டுரையை அகராதி வைத்துப் பதினோராம் பக்கம் வரை படித்திருக்கிறேன். அங்கே ஒருவர் தற்செயலாகச் சரியாகச் சொல்வதற்கும் அறிந்து சொல்வதற்கும் கோடு எங்கே என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என் 240 மூட்டை வரும்? கப்பல் கிளார்க்கின் கணக்கும் ஒத்துப்போனதே, அதற்கு ஒரு மதிப்பும் கிடையாதா? ஞாயிற்றுக்கிழமை உனக்கு மதியம் ஒரு மணி, எங்களுக்கு இரவு ஒன்பது. கூப்பிடு. பென்சிலோடு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா
யீஷுன், சிங்கப்பூர்