பாசிக்கு மருந்து 'டேங்க் கிளீனர்' மீன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் சேர்கிறது. வாங்கிச் சென்றவர்களுள் பலர் சில வாரங்களிலேயே 'கல்லெல்லாம் பாசி பிடித்துவிட்டது' என்று திரும்பி வருவதும், அவர்கள் கையில் விரல் நீளமுள்ள ஒரு 'டேங்க் கிளீனர்' மீனைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்புவதும் வழக்கமாகிவிட்டன. இந்த வழக்கத்தால் தொட்டிக்கும் நன்மை இல்லை, நம் ஏரிகளுக்கும் கேடு என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சக்கர் மீன் என்றும் அழைக்கப்படும் இம்மீன் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த கெளுத்தி இனம். கடையில் குட்டியாகத் தெரிவது ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. வளர வளர அது பாசியைத் தேடித் தின்பது குறைந்து, மற்ற மீன்களுக்குப் போடும் தீனியையே நாடுகிறது. அது வெளியேற்றும் மிகுதியான கழிவு அம்மோனியாவாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறிப் பாசிக்கே உரமாகிறது. தொட்டியில் செடி நட்டிருந்தால் வேரோடு கிளப்பிவிடும். இரண்டடித் தொட்டியில் அடங்காமல் போன பிறகு, கொல்ல மனமில்லாதவர்கள் அதை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடுகிறார்கள். வயிற்றின் வழியே காற்றைச் சுவாசிக்கவும் வல்லது என்பதால், மற்ற மீன்கள் செத்து மிதக்கும் சாக்கடை நீரிலும் அது பிழைத்துக்கொள்கிறது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது. முள்ளும் கவசமுமான உடலால் மீனவர் வலையைக் கிழிக்கிறது. ஆகாயத்தாமரையும் அதே கண்டத்திலிருந்து அழகுச் செடியாக வந்ததுதான் என்பதை இங்கே நினைவுபடுத்தத் தோன்றுகிறது.

பாசி என்பது நோயன்று. வெளிச்சமும் சத்தும் தேவைக்கு மேல் இருப்பதன் அடையாளம். புதிய தொட்டியில் கல்மீது படியும் பழுப்புத் தூள் போன்ற பாசி சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். பச்சைப் புள்ளிகளாகக் கல்லில் இறுகுவதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கறுப்புத் தாடி போல் கற்களின் விளிம்பில் முளைப்பது, பார்வைக்குக் கறுப்பாயினும் செம்பாசி வகையைச் சேர்ந்தது. எல்லாவற்றிலும் பிடிவாதமானது இதுவே. நீலப்பச்சைப் போர்வையாகப் படர்ந்து துர்நாற்றம் வீசுவதோ பாசியே அல்ல, ஒருவகைப் பாக்டீரியா. கல்லில் படியும் வெள்ளைப் பூச்சு நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு. அதைத் தேய்ப்பதைவிட, கல்லை வெளியே எடுத்து வினிகர் தடவிக் கழுவுவது எளிது.

கல்லைச் சுத்தம் செய்யச் சோப்போ பாத்திரம் துலக்கும் பொடியோ கூடவே கூடாது. நுண்துளைகளில் தங்கி மீன்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை வாளியில் வைத்துக்கொண்டு, பழைய பல்துலக்கியால் தேய்ப்பதே பெரும்பாலான கற்களுக்குப் போதும். தாடிப்பாசி அசையாவிட்டால், மருந்துக் கடைகளில் 6 சதவீதமாகக் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் அதே அளவு நீர் கலந்து, கையுறை அணிந்து, தொட்டிக்கு வெளியே வைத்த கல்மீது தடவிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். அது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் நஞ்சு தங்காது. இதனுடன் வினிகரை மட்டும் கலந்துவிடக் கூடாது. கல்லைக் கொதிக்க வைக்கச் சிலர் சொல்கிறார்கள். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்க வாய்ப்புண்டு. நமக்கு அந்தத் தேவையும் இல்லை, மொட்டைமாடி வெயிலில் சில நாள் காயவைத்தாலே பாசி கருகிவிடும். ஆனால் எல்லாக் கற்களையும் ஒரே நாளில் எடுத்துக் கழுவ வேண்டாம். அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் கல்லிலும் சரளையிலும்தான் குடியிருக்கின்றன.

இவ்வளவு தேய்த்தும் வெளிச்சத்தையும் சத்தையும் பங்குபோட்டுக்கொள்ளச் செடி இல்லையென்றால் பாசி திரும்ப வந்துவிடும். எனவே புதிதாகத் தொடங்குவோர் மீனுக்கு முன் செடியைத் திட்டமிட வேண்டும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 55 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடி, சரளை, கல் ஆகியவற்றின் எடையும் சேர்வதால் உறுதியான மேசையும், நேர் வெயில் படாத சுவரோரமும் தேவை. கல் வாங்கும்போது அதன்மீது சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், ஏற்கெனவே கடினமான நம் நீரை மேலும் கடினமாக்கும். கருங்கல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்தில் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹைக்ரோஃபிலா போன்று நம் நாட்டு நீர்நிலைகளிலேயே வளரும், வேகமாகச் சத்தை உறிஞ்சும் செடிகளை நெருக்கமாக நடுவது நல்லது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றை மண்ணில் புதைக்காமல் நூலால் கல்லில் கட்ட வேண்டும். அவை மெதுவாக வளர்வதால், விளக்குக்கு நேர் கீழே வைத்தால் இலையே பாசியாகிவிடும். விளக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். இரவு முழுவதும் எரியவிடும் வீடுகளில்தான் பாசிப் புகார் அதிகம் என்பது என் கணிப்பு. செடி வேரூன்றி, பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகே மீன், அதுவும் சிறு மீன்களாக, சில சில. குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டு, வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றி வர வேண்டும்.

கடைக்காரர்களிடம் எனக்கு வழக்கில்லை. தொட்டி வளர்ப்பின் நுணுக்கங்களை என்னைப் போன்றோருக்குக் கற்றுத் தந்தவர்களும் அவர்களே. ஒவ்வொரு மீனும் முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் வரும் என்பதை விற்பனைத் தொட்டியின் கண்ணாடியிலேயே எழுதி ஒட்டவும், வளர்த்தவர் திருப்பித் தரும் சக்கர் மீன்களைப் பெற்றுக்கொள்ளவும் அவர்களின் சங்கங்கள் முன்வர வேண்டும். வண்ணமீன்களையும் தொட்டிச் செடிகளையும் நீர்நிலைகளில் விடக் கூடாது என்ற அறிவிப்பை ஏரிக்கரைகளில் வைக்க மீன்வளத் துறை ஆவன செய்ய வேண்டுமெனத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொளத்தூர், சென்னை.