பெயிண்டுக்கு அடியில் உழைத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

வண்டிக் கண்காட்சியில், நாம் புதுப்பித்த என் 1972 மாடல் செவர்லே சி10 பிக்கப்பைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அந்த நீல நிறத்தைப் பற்றித்தான். மனசு நிறைந்துபோனது. ஆனால் அந்த நிறத்துக்கு அடியில் யார் யார் உழைப்பு இருக்கிறது என்று அத்தனை பேரிடமும் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி டிங்கரிங், வெல்டிங் பார்த்த அண்ணனுக்கு. வண்டி வந்த அன்று, கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையில் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினேன். அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. கேபின் மூலைகளும் அதே கதிதான். "பட்டி வைத்து மூடிவிடலாமா?" என்று கேட்டேன். "உள்ளே துரு இருந்தால் பெயிண்டோடு சேர்த்து உப்பிக்கொண்டு வரும் தம்பி, வெட்டித்தான் எடுக்கணும்" என்றீர்கள். இந்த மாடலில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கும். அதைக் கழற்றி வெளியே கொண்டுபோகும் வரை வெல்டிங் மெஷினைத் தொடவே மாட்டேன் என்று நின்றீர்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் அந்தப் பொறுமை. புதுத் தகட்டில் இங்கே ஒரு வெல்டிங் புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி, கையை அருகில் வைத்துச் சூடு பார்த்து, ஆறிய பிறகு அடுத்தது. ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு மூலைக்கே ஒரு பகல் முழுக்கப் போனது.

மச்சானுக்கு அடுத்த நன்றி. வண்டி தரையோடு தரையாக உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அவ்வளவு இறக்கினால் பின் அச்சு சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போய் இடிக்கும் என்று அளந்து காட்டியது அவர். அச்சுக்கு மேலே சேசிஸைப் பிறை வடிவில் வெட்டி, கனத்த தகடு வைத்துப் பலப்படுத்தி, காற்றுப் பைகளால் வண்டியை ஏற்றி இறக்கும் ஏர் சஸ்பென்ஷன் பொருத்தினார். புது டாங்கையும் பின்பெட்டிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தது அவர்தான். நடுவர் குனிந்து, அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தபோது அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரமே நின்றார். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது மச்சான்.

பெயிண்டர் அண்ணன், பானெட்டில் முதல் கோட் அடித்ததும் சின்னச் சின்னக் குழியாக விழுந்தது. எங்கோ எண்ணெய்ப் பிசுக்கு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் பெயிண்ட் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் பானெட் முழுவதையும் திரும்பத் தேய்க்க ஆரம்பித்தீர்கள். பிரைமர் என்ற அடிப்பூச்சின் மேல் கறுப்பை மெல்லியதாகத் தூவி, நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்து, கறுப்பு எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தீர்கள். கடைசியில் நிறத்துக்கு மேல் அடிக்கும் கிளியர் கோட் மேல் 1500, 2000, 3000 என்று வரவர மென்மையான வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்ததில் என் கையும் இருந்தது என்பதில் எனக்குப் பெருமை.

ஒயரிங் முழுவதையும் புதிதாக இழுத்து, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி ஃபியூஸ் வைத்த தம்பிக்கும், பெஞ்ச் சீட்டைப் பிரித்துத் தைத்த பெரியவருக்கும் நன்றி. கிரைண்டர் சத்தத்தை இத்தனை மாதம் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும்தான். ராத்திரி டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவிக்கு நேரில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்.

வெல்டர் அண்ணே, உங்கள் கிளாம்ப் இரண்டு இன்னும் என் ஷெட்டிலேயே கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறேன், இந்த வண்டியிலேயே. வீட்டில் இருங்கள், ஒரு சுற்றுப் போய்வருவோம்.