பொறுமை இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த ஆஃபர் லெட்டரையும் படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் கடிதம் வந்துச்சு. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஐயா ஒருத்தர் எழுதியிருந்தார், இப்ப உள்ள பசங்களுக்கு ஒரு வேலைல ஒரு வருஷம் உக்கார்ற பொறுமை கூட இல்ல, நாங்கல்லாம் ஒரே பேங்க்ல முடி நரைக்கிற வரைக்கும் இருந்தோம்னு. ஐயா மேல கோபம் எல்லாம் இல்ல, எங்க அப்பாவும் ஞாயித்துக்கிழமை போன்ல இதையேதான் சொல்றார். ஆனா அவங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்தப் பாக்கல. நாங்க நெனச்சா நெனச்ச நேரத்துல கிளம்பிடறோம்னு அவங்க நெனைக்கறாங்க, இங்க கிளம்ப வழி இல்லாமதான் பாதி பேரு உக்காந்திருக்கோம்.

நான் ஈசிஇ படிச்சுட்டு ஓஎம்ஆர்ல ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனில ப்ரொடக்ஷன் சப்போர்ட்ல இருக்கேன். ட்ரெயினிங்ல ஜாவா சொல்லிக் குடுத்தாங்க, அப்புறம் ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்சுல சும்மா உக்கார வச்சாங்க, அப்புறம் திடீர்னு ஒரு மெயில், உனக்கு ப்ராஜெக்ட் கெடச்சாச்சு, நைட் ஷிஃப்ட், திங்கக்கிழமைல இருந்து வந்துருன்னு. ஜாவாவுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இல்ல. அமெரிக்கால இருக்குற ஒரு க்ளையண்டோட சிஸ்டத்துல ராத்திரி தானா ஓடுற ப்ரோக்ராம், அதாவது ஜாப், ஏதாவது ஃபெயில் ஆனா டிக்கெட்னு ஒரு புகார் வரும், அதை 15 நிமிஷத்துக்குள்ள எடுக்கணும், எடுக்கலைன்னா எஸ்எல்ஏ, அதாவது க்ளையண்டுக்குக் குடுத்த நேர வாக்கு, போச்சுன்னு மறுநாள் மீட்டிங்ல கிழிப்பாங்க. கைல ரன்புக்னு என்ன எரருக்கு என்ன பண்ணணும்னு எழுதின ஒரு வேர்ட் ஃபைல் இருக்கு, அதுல நாலாவது ஸ்டெப் வரைக்கும்தான் நாங்க பண்ணலாம், அஞ்சாவது ஸ்டெப்ல எல்2-வுக்கு, அதாவது எங்களுக்கு அடுத்த லெவல் டீமுக்கு, அனுப்புன்னு போட்டிருக்கும். அங்க என்ன நடக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ராத்திரி 3 மணிக்கு அதே ஜாப் அதே எரர்ல விழும், ரீஸ்டார்ட் பண்ணுவோம், டிக்கெட்ட க்ளோஸ் பண்ணுவோம், மறுநாள் ராத்திரி அது திரும்பி வரும். நிரந்தரமா சரி பண்ணிட்டா டிக்கெட் குறைஞ்சிரும், டிக்கெட் குறைஞ்சா ஆளக் குறைச்சிருவாங்கன்னு டீம்ல ஒரு ஜோக் உண்டு, யாரும் பெருசா சிரிக்க மாட்டாங்க.

சம்பளத்தையும் சொல்லிடறேன். ஆஃபர் லெட்டர்ல மூன்றரை லட்சம்னு இருந்தா ஊர்ல எல்லாரும் 12-ஆல வகுத்து மாசம் 29,000 வாங்குறான்னு முடிவு பண்ணிடறாங்க. அது சிடிசி, அதாவது நமக்காகக் கம்பெனிக்கு ஆகுற மொத்தச் செலவு. கம்பெனி போடுற பிஎஃப், கிராஜுட்டி, இன்சூரன்ஸ், வந்தாலும் வரும் வராமலும் போகும்ங்கற வேரியபிள் பே எல்லாம் அந்த மூன்றரைக்குள்ளயே அடக்கம். நம்ம பங்கு பிஎஃப் 1,800 தனியா பிடிப்பாங்க. கடைசில கைக்கு வர்றது 22, 23 ஆயிரம், அதுலதான் பிஜி வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது, எஜுகேஷன் லோன் இஎம்ஐ எல்லாம். லோனுக்கு படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் டைம் குடுக்கறாங்க இல்ல, நிறைய பேருக்கு அந்த ஒரு வருஷம் முடியறதும் வேலை வெறுத்துப் போறதும் கரெக்டா ஒரே மாசத்துல வருது.

சரி பிடிக்கலன்னா வேற வேலை பாக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. இங்கதான் சிக்கலே. முதல்ல பாண்ட், இத்தனை வருஷத்துக்குள்ள போனா இவ்ளோ கட்டணும்னு. அதுக்கு மேல 90 நாள் நோட்டீஸ் பீரியட், ராஜினாமா குடுத்தப்புறமும் அத்தனை நாள் வேலை பாக்கணும். ஒரு வருஷ அனுபவம் உள்ள பையனுக்கு வேற கம்பெனில இன்டர்வியூ க்ளியர் ஆகும், ஹெச்ஆர் கேக்குற முதல் கேள்வியே எப்ப ஜாயின் பண்ணுவீங்க, 90 நாள்னு சொன்னதும் சரி நாங்க கூப்பிடறோம்பாங்க, அதோட முடிஞ்சுது, ஏன்னா அவங்களுக்கு 30 நாள்ல வர்ற ஆளு வரிசைல நிக்கறான். நோட்டீஸ் காசு குடுத்து வாங்கிக்கலாமான்னு கேட்டா அது மேனேஜர் இஷ்டம். பொறுக்க முடியாம சொல்லாம கொள்ளாம நின்னுட்ட பசங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ரிலீவிங் லெட்டர் வராது, அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல பிஎஃப் நம்பரான யுஏஎன்-ல பழைய கம்பெனி பேரு தெரியும், அப்புறம் அதை மறைக்கவும் முடியாது, விளக்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடிப் பாத்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, அதுல 41-வது பிரிவு. தொடர்ந்து 6 மாசம் வேலை பாத்த ஒருத்தர நியாயமான காரணம் இல்லாம வேலைய விட்டு எடுக்கக் கூடாது, எடுத்தாலும் குறைஞ்சது ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ குடுக்கணும்னு இருக்கு. அதாவது முதலாளி நம்மள அனுப்பறதுக்குச் சட்டம் கேக்குறது ஒரு மாசம், நாம போறதுக்கு கம்பெனி எழுதி வாங்குறது மூணு மாசம். பாண்டப் பத்தி இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல 74-வது பிரிவு இருக்கு, ஒப்பந்தத்துல எழுதின தொகைய அப்படியே தூக்கிக் குடுத்துட வேண்டியதில்ல, அதுக்கு மிகாம நியாயமான இழப்பீடுதான்னு. அதுக்காக பாண்ட் எல்லாம் செல்லாது தம்பி, தைரியமா போன்னு யூடியூப்ல சொல்றவங்க பேச்சையும் நம்பிடாதீங்க. 2025 மே மாசம் விஜயா பேங்க் வழக்குல, மூணு வருஷத்துக்குள்ள போன அதிகாரி 2 லட்சம் கட்டணும்ங்கற நிபந்தனை செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. பொதுத்துறை பேங்க், திரும்ப பரீட்சை வச்சு ஆள் எடுக்கற செலவுன்னு அதுக்குத் தனிக் காரணங்கள் இருந்துச்சு, இருந்தாலும் பாண்ட்னாலே வெத்துப் பேப்பர்னு நெனைக்க முடியாது. பாருங்க ஐயா, பேங்க்லயே மூணு வருஷத்துக்குள்ள கிளம்பினவங்க இருக்காங்க.

இனிமே என்ன பண்றதுன்னு எங்க ரூம்ல தினமும் பேச்சு ஓடும். ஒருத்தன் வேலைய விட்டுட்டு குரூப் 4 படிக்கப் போறேங்கறான். 2024 ஜூன்ல நடந்த குரூப் 4-க்கு அறிவிச்ச இடம் 6,244, விண்ணப்பிச்சவங்க 20 லட்சத்துக்கு மேல, அப்புறம் இடத்தக் கூட்டினாங்கதான், ஆனாலும் கணக்கு என்னன்னு பாருங்க. படிக்க வேணாம்னு சொல்லல, அவனுக்கு நல்லா வரும், ஆனா இஎம்ஐய வச்சுக்கிட்டு வேலைய விட்டுட்டுப் படிக்கறது வேற கதை. இன்னொருத்தன் எம்டெக் சேர்றதுக்கான கேட் பரீட்சை எழுதறான், ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், எம்டெக் சேந்தா மாசம் 12,400 உதவித்தொகை, வேலைல இருந்துக்கிட்டே எழுதலாம்ங்கறதால எனக்கு அது கொஞ்சம் உருப்படியாத் தெரியுது. வேளச்சேரில 100% ப்ளேஸ்மெண்ட்னு போர்டு போட்டு முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டச் சொல்ற கோர்ஸ்களப் பத்தி நான் எழுத ஆரம்பிச்சா இந்தக் கடிதம் பத்தாது, விட்டுடறேன்.

என் விஷயத்துல ஒண்ணு நடந்துச்சு. நடுவுல ஒரு மாசம் எனக்கு டே ஷிஃப்ட் போட்டாங்க. தூக்கம் சரியாச்சு, அம்மா கூட மனுஷன் மாதிரி பேசினேன், ஆனா திங்கக்கிழமை லாகின் பண்றப்ப வர்ற அந்த எரிச்சல் மட்டும் போகவே இல்ல. அப்பதான் தெரிஞ்சுது நைட் ஷிஃப்ட் இல்ல காரணம், அந்த அஞ்சாவது ஸ்டெப்தான். எல்2-ல இருக்குற ஒரு அக்காகிட்ட கேட்டேன், திட்டுவாங்கன்னு நெனச்சா, தம்பி டிக்கெட்ட மூடறதுக்கு முன்னாடி அந்த லாகை (சிஸ்டம் தானா எழுதி வைக்கிற பதிவு) ஒருதடவ முழுசா படிச்சுப் பாருன்னாங்க. படிச்சா, தினமும் விழற அந்த ஜாபுக்கு வேண்டிய ஃபைல் வேற ஒரு சர்வர்ல இருந்து லேட்டா வருது, அவ்ளோதான், நாங்க ரீஸ்டார்ட் பண்றதுக்குள்ள ஃபைல் வந்துடும், அதனால ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது. மாசக் கணக்கா மூடின டிக்கெட்டுக்கு இதுதான் காரணம்! அன்னைக்குத்தான் முதல்முறையா வேலைல ஏதோ ஒண்ணு புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

அதனால நான் எடுத்த முடிவு இதுதான். இப்ப பேப்பர் போடல, அதாவது ராஜினாமா குடுக்கல. டேட்டாபேஸ் வேலைக்கான எஸ்க்யூஎல் படிச்சுக்கிட்டு இருக்கேன், கம்பெனிக்கு உள்ளயே வேற வேலைக்கு மாறுற ஐஜேபி-ல டேட்டாபேஸ் டீமுக்கு அப்ளை பண்ணிட்டேன், அடுத்த அப்ரைசல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள மூணு மாச இஎம்ஐக்கு காசு தனியா எடுத்து வைக்கணும், நோட்டீஸ் பீரியட்ல இருக்கப்ப கைல வேற ஆஃபர் இல்லாமப் போனாலும் வீட்டுல கை நீட்டக் கூடாது. அப்ரைசல் முடிஞ்சும் மாத்தலன்னா பேப்பர் போட்டுடுவேன். நாலு ஸ்டெப் மட்டும் தெரிஞ்சவனா மூணு வருஷம் இருந்துட்டு வெளிய போனா என்னை யாரு எடுப்பா, ஐயா சொல்ற பொறுமைய நான் அந்த வேலைக்கு ஏன் செலவு பண்ணணும்? இதுவே கத்துக்க ஏதாவது இருக்குற வேலைன்னா நைட் ஷிஃப்டோ 23,000 சம்பளமோ எனக்குப் பெரிய விஷயமே இல்ல, இன்னும் ரெண்டு வருஷம் கூட ஓட்டிடுவேன்.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். உங்க வேலைவாய்ப்புப் பக்கத்துல எந்த கோர்ஸ் படிச்சா எவ்ளோ சம்பளம்னு வாராவாரம் வருது, ஒரு வாரமாவது ஒரு ஆஃபர் லெட்டர எடுத்து லைன் லைனா என்ன அர்த்தம்னு ஒரு லேபர் வக்கீல விட்டு எழுத வைங்க, சிடிசி, பாண்ட், நோட்டீஸ், ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டா என்ன பண்றது எல்லாம். நான் முதல்வன் திட்டத்துல காலேஜ்லயே ஸ்கில் ட்ரெயினிங் குடுக்கறாங்க, நல்ல விஷயம், அதுலயே ஒரு கிளாஸ் இதுக்கும் ஒதுக்கலாம், ஏன்னா ப்ளேஸ்மெண்ட் அன்னைக்கு எல்லாரும் ஃபோட்டோ எடுக்கற அவசரத்துல கையெழுத்து போடுற பேப்பர யாரும் படிக்கறதில்ல, படிக்கச் சொல்றதுக்கும் அங்க ஆள் இல்ல. அப்புறம் தொழிலாளர் துறை, ரெண்டு வருஷத்துக்குக் கம்மியா அனுபவம் உள்ளவங்களுக்கு நோட்டீஸ் பீரியட் 30 நாளுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு வரம்பு கொண்டு வரணும். கம்பெனிக்கு அனுப்ப ஒரு மாசம் போதும்னா எங்களுக்குப் போகவும் அது போதும்.

கடிதத்த வெளியிட்டா பேரு மட்டும் போடாதீங்க. இன்னும் பேப்பர் போடல.

ஒரு ஐடி ஊழியர்,
மேடவாக்கம், சென்னை